நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்

எங்கள் ஊர்ப்பக்கம் டைனிங் டேபிள் என்பது சாப்பிடுவதற்கான பொருள் இல்லை. இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி, கரண்ட் பில், மாத்திரை டப்பா, கல்யாணப் பத்திரிகைகள், பாதி உரித்த சின்ன வெங்காயம் எல்லாம் அதன்மேல் கிடக்கும். வீட்டுக்காரர்கள் கீழே சம்மணம் போட்டு டிவியைப் பார்த்தபடி சாப்பிடுவார்கள். பெரம்பலூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் கதைதான். எங்கள் வீட்டு மேசையில் மட்டும் ஒரு தூசு இருக்காது. இருந்தால் நான் சத்தம் போடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அதைப் பெருமையாகச் சொன்னாளா, புகாராகச் சொன்னாளா என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கோபத்துக்குக் காரணம் நான் பார்த்த வேலை. வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலின் விருந்து மண்டபத்தில் பதினெட்டு வருஷம் மேசை அலங்கரித்தேன். சமையல் வேறு ஆட்கள். பரிமாறுவதுகூடப் பிற்பாடுதான். விருந்துக்கு முன்னால் மேசையைத் தயார் செய்வதுதான் என் முதல் வேலை. இன்றைக்குக் கடல் என்று முடிவானால் விரிப்பு நீலம், தட்டு வெள்ளை, நடுவில் சிப்பியும் மணலும். நாளைக்கு யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணம் என்றால் ரோஜா நிறம், தங்கக் கரை போட்ட தட்டு. துணி நாப்கினை அன்னமாகவும் விசிறியாகவும் தாமரையாகவும் மடிப்பேன். மேசை ஓரத்துக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் இருக்க வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு.

அங்கே எங்களுக்கு இன்னொரு விதி இருந்தது. சாப்பிட்டு முடித்து உள்ளே திரும்பி வரும் தட்டைப் பார்க்க வேண்டும். காலியாக வந்தால் கவலை இல்லை. வைத்தது வைத்தபடி வந்தால் ஓட வேண்டும். அந்த ஆளிடம் போய், குனிந்து, என்ன குறை என்று கேட்க வேண்டும். அப்படிப் பதினெட்டு வருஷம் முன்பின் தெரியாதவர்களின் தட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவன் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கும்.

நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி பெங்களூரு போய்விட்டிருந்தாள். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். மனைவிக்கு அரியலூர்ப் பக்கம். சிமெண்ட் லாரி ஓடும் சாலையோரத்து ஊர். காலையில் துவைத்துக் காயப்போட்ட வெள்ளை வேட்டி மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும் என்பாள். நான் வெளிநாடு போன பிறகு நாங்கள் சேர்ந்தாற்போல் இருந்தது ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை, அதுவும் நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் சொந்தக்காரர் வீடுகளுக்கு விருந்துக்குப் போய்வருவதிலேயே தீர்ந்துவிடும்.

அங்கிருந்து நான் பணம் அனுப்பி வாங்கச் சொன்ன டைனிங் டேபிளின் மேல் ஒரு அரிசி மூட்டையும் மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியும் இருந்தன. வந்த முதல் வாரமே எல்லாவற்றையும் இறக்கினேன். துடைத்தேன். எதை வைப்பது என்று பார்த்தபோது வீட்டில் இருந்ததெல்லாம் எவர்சில்வர். எனக்கு அது ஆகவில்லை.

தட்டுகளுக்காக லப்பைக்குடிக்காடு போக ஆரம்பித்தேன். அங்கே ஒரு அம்மா தன் வீட்டு முன்னறையில் பழைய பீங்கான் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். எல்லாரும் பாயம்மா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்த ஊரில் வெளிநாடு போகாத குடும்பம் குறைவு. போன ஒவ்வொருத்தரும் ஒரு டின்னர் செட்டைத் துணிக்குள் சுற்றிக் கொண்டுவந்திருப்பார்கள். அது ஷோகேஸில் ஏறினால் பிறகு இறங்காது. பழைய வீட்டை இடித்துக் கட்டும்போதும், பிள்ளைகள் சென்னைக்குக் குடிபோகும்போதும் எல்லாம் பாயம்மாவிடம் வந்து சேரும். ஆறில் ஒன்று உடைந்து ஐந்தாக நிற்கும் தட்டுகள், மூடியைத் தொலைத்த சூப் கிண்ணம், சாஸர் இல்லாத கப். செட் உடைந்த சாமானை யாரும் வாங்கமாட்டார்கள். எனக்கு அதுதான் வேண்டும். சில தட்டுகளின் முதுகைத் திருப்பினால் நான் வேலை பார்த்த ஊரின் கடைச் சீட்டு இன்னும் உரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். நானும் அந்தத் தட்டும் ஒரே விமானத்தில்கூட வந்திருக்கலாம்.

மாசத்துக்கு ஒரு மேசை என்று வைத்துக்கொண்டேன். தை மாசம் எறையூர்க் கரும்புத் தோகையும் மஞ்சள் பூப்போட்ட தட்டுகளும். மழைக்காலத்தில் நீலம். சின்ன வெங்காயம் அறுக்கிற மாசத்தில் ஊதாவும் ரோஜாவும். கிண்ணங்களில் வெங்காயத்தைத் தாளோடு நிறுத்தி வைப்பேன். எனக்குப் பிடித்தது வெள்ளை மேசை. குன்னம் பக்கம் பருத்தி வெடிக்கும்போது போய் ஒரு கொத்து வாங்கி வருவேன். அஞ்சு வெள்ளைத் தட்டு, அஞ்சும் அஞ்சு வீட்டு வெள்ளை. ஒன்று பால், ஒன்று சுண்ணாம்பு, ஒன்று பழுப்பேறிய பல். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வெள்ளையில் இத்தனை உண்டு என்று தெரியும். போட்டோ எடுத்து மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். அவள் ஒரு இதயம் போடுவாள்.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்ப்பாள்.

"எல்லாம் இருக்குங்க. சோத்தத்தான் காணும்."

இன்னொரு நாள், "பொம்ம இல்லாத கொலு வச்ச ஒரே ஆளு நீங்கதான். சுண்டல் வேணும்னா நான் பண்ணித் தரேன்" என்றாள். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்து என்ன விசேஷம் என்று கேட்டால், "அவருக்கு இன்னும் ட்யூட்டி முடியல" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் சிரிப்பதைப் பார்க்கத்தான் அடுத்த மாசத்து மேசையையும் அலங்கரித்தேன் என்பதை இன்றைக்கு ஒளிக்க வேண்டியதில்லை.

உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். எத்தனை தட்டால் அலங்காரம் செய்தாலும் சாப்பிடுவதற்கு ரெண்டு தட்டை எதிரெதிரே வைப்பேன். ஒன்று எனக்கு, ஒன்று அவளுக்கு. என்றைக்காவது ஒரு நாள் அவள் எதிரில் உட்கார்ந்து என்னோடு சாப்பிட வேண்டும். ஊர்பேர் தெரியாதவர்கள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து சாப்பிட்டதைப் பதினெட்டு வருஷம் சுவரோரம் நின்று பார்த்தவனுக்கு இது பெரிய ஆசையா?

அவள் உட்காரவே மாட்டாள். என் தட்டில் சோறு போடுவாள், குழம்பு ஊற்றுவாள், அப்பளத்தை ஓரத்தில் வைப்பாள், நின்றுகொண்டிருப்பாள். உட்காரச் சொன்னால் ஒரே பதில்.

"நீங்க சாப்பிடுங்க. நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்."

அந்த அப்பறம் எப்போது வரும் என்று ஒரு நாள் சமையலறையில் போய்ப் பார்த்தேன். மேடையில் சாய்ந்து நின்றுகொண்டு, சமைத்த சட்டியிலேயே மிச்சச் சோற்றைப் போட்டுப் பிசைந்து, கரண்டியால் வழித்து வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. வீடு நிறையத் தட்டு இருக்கும்போது ஏன் இப்படி வக்கற்றவள் மாதிரி சாப்பிடுகிறாய் என்று கத்தினேன். அவள் அசரவில்லை.

"இத்தன வருசம் எதிர்ல யாரு உக்காந்தா? இப்படியே பழகிப்போச்சு. உக்காந்து சாப்பிட்டா எனக்கு எறங்காதுங்க."

அன்றிலிருந்து அது எங்களுக்குள் ஒரு கேலியாகிப் போனது. உட்காரு என்பேன், எறங்காது என்பாள், ரெண்டு பேரும் சிரிப்போம். சாப்பிட்ட பிறகு நானே தட்டுகளை எடுத்து வைப்பேன். பீங்கானை அவள் கையில் விட எனக்கு மனசு வராது. கழுவ வேண்டியது என் தட்டு ஒன்றுதான். அவளுடையதைத் துடைக்காமல்கூட அப்படியே அலமாரியில் வைத்துவிடுவேன்.

போன வருஷம் அவள் மெலிய ஆரம்பித்தாள். சுகர் இருக்கிறது, அதனால்தான் என்றாள். நானும் நம்பினேன். ரவிக்கையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடித்துத் தைத்தாள். என் மேசையில் உட்கார்ந்துதான் தைத்தாள், அங்கேதான் வெளிச்சம். விரிப்பில் நூல் துணுக்குகள் கிடப்பதைப் பார்த்து நான் சண்டை போட்டேன். அவள் விரல் நுனியை எச்சில் தொட்டு ஒவ்வொரு துணுக்காக எடுத்தாள். நாலு ரவிக்கை. நாலு நாள் தைத்தாள். நாலு நாளும் நான் நூலைத்தான் பார்த்தேன்.

சமையலும் கொஞ்சம் மாறியிருந்தது. ரசம் கூடுதலாக வைத்தாள். டீயில் பன்னை ஊறவைத்துக் கரைத்துக் குடித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் சரியா எறங்கல" என்றாள். நான் சிரித்தேன். எங்கள் பழைய கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன். டாக்டரிடம் போகலாமா என்று ஒரு முறை கேட்ட ஞாபகம் இருக்கிறது. அப்பறம் பாத்துக்கலாம் என்றாள். அவளுடைய வாயில் அந்தச் சொல் அத்தனை சாதாரணமாக வரும்.

அந்த நாட்களில் ஒரு முறை லப்பைக்குடிக்காட்டில் பாயம்மாவிடம் என் போன் போட்டோக்களைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவரிடம் முன்பு வாங்கியிருந்த ஒரு பெரிய வட்டத் தாம்பாளம், பீங்கான்தான், நீலப்பூ வரைந்தது. அதில் தண்ணீர் ஊற்றிச் செம்பருத்தி மிதக்கவிட்டு மேசை நடுவில் வைத்திருந்தேன். பாயம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"யா அல்லா, சஹன்ல பூவா மெதக்க வுட்டீங்க? தம்பி, இது அலங்காரத் தட்டு இல்ல. எங்க வூட்டு விசேஷத்துல இதுலதான் சோறு வைப்போம். ஒரு சஹனச் சுத்தி மூணு பேரு நாலு பேரு உக்காருவோம்."

"ஒரே தட்டுலயா?"

"ஒரே தட்டுலதான். அவங்கவங்க முன்னாடி இருக்கறத அவங்கவங்க சாப்பிடுவாங்க. ஒருத்தர் முந்தி ஒருத்தர் பிந்தின்னு கெடையாது. பிஸ்மி சொல்லி எல்லாரும் ஒண்ணா கை வைக்கணும். அதுலதான் பரக்கத்து, அல்லாவோட அருளு."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. தனித்தனித் தட்டு வைத்ததுதான் நான் செய்த தப்பு. ஒரே தட்டாக இருந்தால் அவள் எப்படி அப்பறம் சாப்பிடுவாள்? அவளை மடக்கிவிட்டதாக நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பச்சை விரிப்பு விரித்தேன். வேப்பங்கொத்தும் மக்காச்சோளத் தோகையும் வைத்தேன். நடுவில் சஹன். அவள் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்திருந்தாள். எல்லாவற்றையும் நானே அதில் கொட்டி, கரண்டியைச் சமையலறையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன்.

"இன்னைக்கு நீ நிக்க முடியாது. பரிமாற ஒண்ணும் இல்ல. எல்லாம் நடுவுல இருக்கு."

அவள் வெட்கப்பட்டாள். கல்யாணப் பெண்ணைப்போல முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு உட்கார்ந்தாள். ஊருக்கு வந்து அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு எதிரே, என் மேசையில், என் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் ஓயாமல் பேசினேன். ஓட்டல் கதை, கேக் சரிந்து விழுந்த கதை, என்னென்னவோ. அவளும் கையை வைத்துப் பிசைந்துகொண்டுதான் இருந்தாள், தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள்.

பேச்சு ஓய்ந்தபோது தட்டைப் பார்த்தேன். என் பக்கம் குழியாகி, பீங்கானின் நீலப்பூ தெரிந்தது. அவள் பக்கம் சோறு செங்குத்தாக நின்றது. சுவர் மாதிரி. ஒரே ஒரு கவளத்தை அவள் விரல்கள் இவ்வளவு நேரமும் உருட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

"என்ன, சாப்பிடவே இல்ல?"

"எறங்கலங்க."

நான் வழக்கம்போலச் சிரித்தேன். "தெரியும். உக்காந்தா உனக்கு எறங்காது."

அவள் சிரிக்கவில்லை.

"நின்னாலும் எறங்கலங்க. ரெண்டு மூணு மாசமாச்சு."

வைத்தது வைத்தபடி திரும்பி வரும் தட்டு. பதினெட்டு வருஷம் அதற்காக ஓடினேனே! ஒரு வியாபாரி கோழித்துண்டைத் தொடாமல் வைத்தால் ஓடிப்போய்க் கேட்டேனே! என் வீட்டில் ஒரு தட்டு எத்தனையோ வருஷமாகத் தினம் வைத்தபடியே திரும்பியது. நான் அதைத் துடைக்காமல்கூட அலமாரியில் அடுக்கினேன்.

திருச்சியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். உணவுக்குழாயில் புற்று. கல்லீரலுக்கும் போய்விட்டிருந்தது. டாக்டர் நல்ல மனிதர், முன்னாலேயே வந்திருந்தால் என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படிவம் நிரப்பிய நர்ஸ் பெண்தான் தலையைத் தூக்காமல் கேட்டது. "வூட்ல கூட இருக்கறவங்க யாரும் கவனிக்கலையாங்க?" அந்தப் பெண் வேறு யாரையோ கேட்கிறது என்று நினைத்து நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். மாவு கரைத்த பானத்தை ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சில் எடுத்து, குழாயின் வாயில் பொருத்தி, மெல்ல இறக்க வேண்டும். அவசரப்படக் கூடாது. தினமும் அதை நான்தான் செய்தேன். அவள் இப்போது எனக்கு எதிரே அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். சமைக்க வேண்டியதில்லை, பரிமாற வேண்டியதில்லை, நிற்கத் தெம்பும் இல்லை. நான் ஆசைப்பட்டது அப்படியே நடந்தது. இதற்கு மேல் ஒரு தண்டனையை யாரும் யோசிக்க முடியாது.

நான் தட்டுகளையெல்லாம் பாயம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். அவள் விடவில்லை.

"இன்னைக்கு என்ன டேபிளு?" என்று காலையிலேயே கேட்பாள். குரல் அப்போதே கரகரத்துப் போயிருந்தது. "வைங்க. இப்பதான் உங்களுக்கு ஏத்த ஆளா கெடச்சிருக்கேன். தின்னு அழுக்காக்க மாட்டேன்."

வைத்தேன். மாசத்துக்கு ஒன்று என்பது போய் வாரத்துக்கு மூன்று மேசை. நீலம், ஊதா, மஞ்சள். அவள் ஒவ்வொரு தட்டையும் கையில் வாங்கிப் பார்ப்பாள். விளிம்பில் பெயர்ந்த இடத்தைப் பெருவிரலால் தடவுவாள். ஒரு முறை பழுப்பு வெள்ளைத் தட்டு ஒன்றைப் பார்த்து, "இதுல வத்தக்குழம்பு ஊத்துனா கலரு எடுப்பா இருக்கும்" என்றாள். வத்தக்குழம்பு எனக்குப் பிடித்தது. உனக்கு என்ன பிடிக்கும் என்று அப்போது கேட்க வாயெடுத்தேன். வாயால் சாப்பிட முடியாதவளிடம் போய் எப்படிக் கேட்பது? அப்பறம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அவள் எதிரே உட்கார்ந்து என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை. அவளுக்குக் குழாயில் ஊற்றி முடித்ததும், "நீங்களும் சாப்பிடுங்க" என்பாள். நான் சொல்வேன், "நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்."

முதல் தடவை இதைச் சொன்னபோது அவள் என்னைக் கூர்ந்து பார்த்தாள். நான் சமையலறைக்குப் போய், நானே வைத்த குழைந்த சோற்றில் மோரை ஊற்றி, சட்டியோடு மேடையில் சாய்ந்து நின்று சாப்பிட்டேன். ரெண்டு வாரம் இப்படிப் போனது. ஒரு நாள் கூடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"நின்னுக்கிட்டுதான சாப்பிடுறீங்க?"

"இல்ல இல்ல, உக்காந்துதான்."

"யாருகிட்ட சொல்றீங்க? அந்த எடத்துல நின்னா கரண்டி சட்டியில எப்படி ஒரசும்னு எனக்குத் தெரியாதா?"

நான் சட்டியை வைத்துவிட்டு வெளியே வந்தேன். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அவள் மடியில் தலையை வைத்து. குழாயில் இடிபடாமல் என் தலையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

ஆடி பிறப்பதற்கு முன்பே போய்விட்டாள். பகல் நேரம், மேசையில் நீலம் வைத்திருந்த நாள்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அரியலூரிலிருந்து அவளுடைய தங்கை வந்து சமையலைப் பார்த்துக்கொண்டாள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பது எங்கள் வழக்கம். மச்சினி ஒரு பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்காவுக்குப் புடிச்சது என்னென்னன்னு சொல்லுங்க மாமா. மளிக சாமான் எழுதணும்."

என்ன சொல்வது? அவள் விரும்பிச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லையே. மிச்சமானதைச் சாப்பிடுவாள். தீய்ந்ததைச் சாப்பிடுவாள். நேற்றையதைச் சாப்பிடுவாள். ஓட்டலுக்கு வருஷத்துக்கு ஒரு முறை வந்துபோன ஆட்களுக்கு எது ஆகும், எது ஆகாது என்று இப்போது கேட்டாலும் ஒப்பிப்பேன். மகளைப் பார்த்தேன். மகளும் யோசித்தாள்.

"அம்மாவுக்கு எல்லாமே புடிக்கும்ப்பா" என்று சொல்லி, சொன்னது காதில் விழுந்ததும் முகத்தை மூடிக்கொண்டாள்.

மச்சினி எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சின்னதுல பூரணக் கொழுக்கட்டன்னா அவளுக்கு உசுரு. அதுக்கப்பறம் என்ன புடிச்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க வூட்லதான இருந்தா" என்றாள். குத்திக்காட்டச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

கடைசியில் கொழுக்கட்டையும், அக்கா அடிக்கடி சமைப்பாளே என்று தங்கைக்கு ஞாபகமிருந்தவையும் செய்தார்கள். வத்தக்குழம்பு. உருளைக்கிழங்கு வறுவல். பருப்புப் பாயசம். எல்லாம் எனக்குப் பிடிக்கும் என்று அவள் சமைத்தவை.

படத்துக்கு முன்னால் இலையை நான்தான் போட்டேன். அத்தனை தட்டு இருந்தும் அன்றைக்கு ஒன்றையும் எடுக்கவில்லை. தலைவாழை இலை, நுனி என் இடதுகைப் பக்கம், கட்டைவிரல் அகலம் கணக்குப் பார்த்துப் போட்டேன். மச்சினி குனிந்து அதைத் திருப்பிப் போட்டாள்.

"அவ அந்தாண்ட உக்காந்திருக்கா மாமா. நுனி அவளுக்கு எடப்பக்கம் வரணும்."

எல்லாவற்றையும் பரிமாறி, விளக்கேற்றி, கும்பிட்டு, அவள் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே வந்து நின்றோம். அவளுக்கு முன்னால் அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. அப்பா காலையிலிருந்து பட்டினியாக இருக்கிறாரே என்று மகள் ஒரு டம்ளர் காபியை நீட்டினாள்.

"மொதல்ல அம்மா சாப்பிடட்டும்" என்றேன். "நான் அப்பறம்."

வாசலில் செருப்புகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அடுத்தவர் சாப்பிட்டு முடிப்பதற்காக என் வீட்டில் நான் நின்றது அதுதான் முதல் தடவை. காலை மாற்றி மாற்றி வைத்தேன். கொஞ்ச நேரம்தான், அதற்குள் வலித்தது.

கதவைத் திறந்தார்கள். என் கண் முதலில் இலைக்குத்தான் போனது. வைத்தது வைத்தபடி இருந்தது. என்ன குறை என்று கேட்கிற பழக்கத்தில் ஒரு எட்டு முன்னால் வைத்துவிட்டு, பிறகு நின்றேன்.

மச்சினி என்னை அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார வைத்து, படைத்ததிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு எடுத்து வைத்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோற்றில் வத்தக்குழம்பைப் பிசைந்தேன். பக்குவம் அவள் பக்குவம்தான், தங்கைக்கும் அதே கை. ஒரு கவளம் உருட்டி வாயில் வைத்தேன்.

எறங்கவில்லை.